கட்சிக்காரர் கதையை வக்கீல் புத்தகமாக்கலாமா?

புத்தகப்புழு: வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்தாயிற்று. பேப்பரில் எல்லாம் சந்தி சிரித்துவிட்டது. பத்து வருஷம் கழித்து அதை வக்கீல் எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? நீதிமன்றத்துக்குள்ளே நடப்பதை நமக்கு வேறு யார் சொல்வார்?

கறுப்புக்கோட்டு: வழக்கு முடிந்தால் ஃபீஸ் கணக்குதான் முடியும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2018-இல் தெளிவாகவே சொன்னது: கோர்ட் ஆவணத்தில் இருக்கும் தகவலானாலும், கட்சிக்காரர் சம்மதிக்காமல் வக்கீல் எழுதக் கூடாது. அங்கே இந்தியானா மாநிலத்தில் பழைய கட்சிக்காரரைப் பற்றிப் புத்தகம் போட்ட ஒருவருக்கு 2013-இல் தொழில் உரிமமே போனது.

புத்தகப்புழு: நிருபர் எழுதலாம், வக்கீல் எழுதக் கூடாதா? நல்ல நியாயம்!

கறுப்புக்கோட்டு: நிருபரிடம் யாரும் ரகசியத்தைக் கொட்ட மாட்டார்கள். என் அறைக்கு வருகிறவர் முதலில் கதவைச் சாத்தலாமா என்று கேட்பார். அப்புறம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "வீட்டில்கூடச் சொல்லவில்லை சார்" என்று ஆரம்பிப்பார். நாளைக்கு இது அச்சில் வரும் என்று தெரிந்தால் பாதியை விழுங்கிவிடுவார். பாதிக் கதையை வைத்து நான் என்ன வாதாடுவது?

திண்ணைவாசி: செத்துப்போனவருக்கு என்ன ரகசியம்?

கறுப்புக்கோட்டு: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இதே கேள்வி 1998-இல் வந்தது. வக்கீலிடம் பேசியதற்குச் செத்த பிறகும் பாதுகாப்பு உண்டு என்று 6-3 கணக்கில் தீர்ப்பு.

புத்தகப்புழு: சரி, ஆல்டன் லோகன்? சிகாகோவில் செய்யாத கொலைக்கு 26 வருஷம் உள்ளே கிடந்தார். செய்தது தங்கள் கட்சிக்காரர்தான் என்று இரண்டு வக்கீல்களுக்குத் தெரியும். பிரமாணப் பத்திரம் எழுதிப் பெட்டிக்குள் பூட்டிவைத்தார்கள். அந்தக் கட்சிக்காரர் செத்த பிறகுதான் திறந்தார்கள். இதுவா தர்மம்?

கறுப்புக்கோட்டு: அந்த வழக்கைப் படித்தால் எனக்கும் தூக்கம் வராது. ஆனால் செத்த பிறகு சொல்லலாம் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே சம்மதம் வாங்கியிருந்தார்கள். அதுவும் ஒருவரைச் சிறையிலிருந்து மீட்க. புத்தகம் விற்க இல்லையே?

திண்ணைவாசி: அப்போ முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டால்?

கறுப்புக்கோட்டு: வழக்கு நடக்கும்போது புத்தக உரிமைக்கு ஒப்பந்தம் போடவே அமெரிக்காவில் தடை. சமரசமாக முடிந்தால் கட்சிக்காரருக்கு லாபம், புத்தகத்துக்கு நஷ்டம். விசாரணை இழுக்க இழுக்க அத்தியாயம் கூடும். வக்கீல் யார் பக்கம் நிற்பார்?

புத்தகப்புழு: அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். லோகன் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியாது.