மலையேறும்போது மட்டும் மூன்றாம் கியரில் நின்றுவிடும் ஆட்டோமேட்டிக் கார்

கேள்வி (குன்னூர்):
என்னுடையது பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி பர்லியாறு தாண்டியதும் சில நாள்களில் கியர் மூன்றிலேயே நின்றுவிடுகிறது. அணைத்து ஆறவிட்டால் சரியாகிறது. ஸ்கேனரில் பி0753 என்ற பழுதுக் குறியீடு வந்தது. பணிமனையிலோ குளிர்ந்த நிலையில் மின்தடையை அளந்துவிட்டு, சோலினாய்டில் (கியர் மாற்ற ஆயிலைத் திறந்து மூடும் மின்வால்வில்) குறையில்லை என்கிறார்கள். கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில் (கோத்தகிரி):
இப்போதே பிரிக்க வேண்டாம், ஐயா. அந்தக் குறியீடு 'ஏ' ஷிப்ட் சோலினாய்டின் மின்சுற்றைப் பற்றியது. கிளட்ச் தேய்மானத்தை அது சொல்வதில்லை. மின்சுற்றில் பழுது கண்டதும் கணினி பாதுகாப்புக்காக ஒரே கியரில் நிறுத்திவிடுகிறது. செம்புச் சுருளின் மின்தடை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 30 சதவீதம் கூடுவது இயல்பு என்பதால், குளிரில் 13 ஓம் காட்டியது சூட்டில் 17 ஆனால் கவலையில்லை. மீட்டர் முடிவிலிக்குத் தாவினால்தான் சுருளோ உள் வயரோ அறுந்து அறுந்து சேர்கிறது என்று பொருள். ஆகவே மலையேறி வந்த சூட்டோடு, இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். ஆறிய வண்டியில் அளப்பது வீண் வேலை.

பதில் (உதகை):
அளக்கும்போதே வயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். நம் ஊர் மழையிலும் பனிமூட்டத்திலும் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பூத்துவிடும்.

பதில் (குன்னூர்):
நன்றி. சோலினாய்டுதான் என்றால் வண்டியிலிருந்து கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

பதில் (கோத்தகிரி):
பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டைக் (ஆயில் பேன்) கழற்றினாலே கை எட்டும். ஆயிலையும் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.