பென் ஸ்டேட் விவகாரத்தில் ரசிகர்களுக்கும் பொறுப்பு உண்டா?

கேள்வி:
நான் பென்சில்வேனியாவில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவன். பீவர் ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல் கூடியிருக்க, ஒரு பக்கத்தினர் ‘வீ ஆர்’ என்று முழங்கியதும் எதிர்ப்பக்கத்தினர் ‘பென் ஸ்டேட்’ என்று பதில் முழங்குவதைக் கேட்டால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். எங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதாக 2011 நவம்பரில் கைதானார்; மறு ஆண்டு 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அணியின் 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகளை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு நீக்கியது. 6 கோடி டாலர் அபராதமும் விதித்தது. கைதட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யாத எங்களுக்கு இதில் என்ன பங்கு?

பதில் 1:
குற்றத்தில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால், 2001இல் சாண்டஸ்கி குளியலறையில் ஒரு சிறுவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டதைக் கண்ட அணியின் உதவியாளர் ஒருவர், அதைத் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பேட்டர்னோவிடம் சொன்னார். அவர் மேலதிகாரிகளிடம் சொன்னார். ஒருவரும் காவல்துறையிடம் போகவில்லை. அணியின் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்ற எண்ணம் அந்த ஊரில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதே என் கருத்து. இன்னொன்று, என்னை மிகவும் உலுக்குவது: ஏழைப் பிள்ளைகளுக்காகத் தாம் தொடங்கிய அறக்கட்டளை வழியாக வந்த சிறுவர்களை, நீங்கள் கைதட்டிய அதே ஆட்டங்களுக்கு அழைத்துச் சென்றுதான் சாண்டஸ்கி வசப்படுத்தினார்.

பதில் 2:
வெற்றிகளை நீக்கியது சரியென்று நான் நினைக்கவில்லை; ஆடிய மாணவர்கள் செய்த தவறென்ன? 2015இல் அவை திரும்பக் கொடுக்கப்பட்டதும் நியாயமே. ஆனால் பேட்டர்னோ நீக்கப்பட்ட 2011 நவம்பர் 9 இரவு, ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி, தொலைக்காட்சி வேன் ஒன்றைக் கவிழ்த்து, அவர் பெயரையே முழங்கினார்களே, அதற்கு ரசிகர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டே நாளில் அதே வளாகத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக மெழுகுவத்தி ஏந்தி நின்றவர்களும் ரசிகர்களே. பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டோருக்கு உதவ முன்னாள் மாணவர்கள் 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியதையும் மறக்கக்கூடாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பேட்டர்னோவின் மொத்த வெற்றிகள் 409 என்பதை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்; அந்த எண் பொறித்த சட்டையும் வைத்திருக்கிறேன். சாண்டஸ்கிக்கு எதிராக நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்ன, பாதிக்கப்பட்ட இளைஞர்கள் எத்தனை பேர் என்பதை இன்றுதான் தேடிப் படித்தேன். எட்டுப் பேர்.