எம்எக்ஸ்-5 வீல் செட்: டயரோடு விற்பதா, கழற்றி விற்பதா?

குமரன்_கென்ட்: என்னுடைய 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் (மியாட்டா என்றும் சொல்வார்கள்) போட்டிருந்த என்கெய் ஆர்பிஎஃப்1 வீல் நான்கும் விற்பனைக்கு. 15 அங்குலம், அகலம் 7, நாலு நட், பிசிடி (நட் ஓட்டைகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்) 35 மி.மீ. வெறும் வீல் ஒன்று 4.3 கிலோதான்; குழந்தையைப் போல இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். கூடவே யோகோஹாமா ஏடி08ஆர் டயர், 195/50, திரெட் (டயர் பள்ளத்தின் ஆழம்) இன்னும் 5 மி.மீ. எல்லாம் சேர்த்து 700 பவுண்ட். வண்டியை விற்றாயிற்று, கராஜில் இடத்தை அடைக்கிறது, வீட்டில் தினமும் திட்டு.

சில்லு_அண்ணை: தம்பி, ரயர் எந்த ஆண்டு? பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்குமே, அதன் கடைசி நாலு இலக்கம் சொல்லுங்கோ.

குமரன்_கென்ட்: 2318.

சில்லு_அண்ணை: 2018ஆம் ஆண்டு, 23ஆவது வாரம். ஏழு வருசம் தாண்டின ரயர். அதோடு பிராண்ட்ஸ் ஹாட்ச் ரேஸ் பாதையில் ஓடின கதையை நீங்களே இங்கே எழுதினீர்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் இறுகிப் போயிருக்கும். நகத்தை அழுத்திப் பாருங்கோ, இறங்காது. என்னைக் கேட்டால் ரயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் சில்லாக விற்க வேணும்.

குமரன்_கென்ட்: சட்டம் கேட்பது 1.6 மி.மீ. என்னுடையது 5. வாங்குபவர் மாட்டிக்கொண்டு அன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாம். கழற்றினால் எனக்குக் கூலியும் தண்டம், விளிம்பில் கீறலும் விழும்.

வாசு_லூட்டன்: குமரன் சொல்வதுதான் சரி. போன வருடம் வெறும் வீலாகப் பார்த்து ஒரு செட் வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. டயர் போட்டு நெடுஞ்சாலையில் அறுபது மைல் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. டயரோடு இருந்திருந்தால் வாங்கும்போதே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பேன்.

சில்லு_அண்ணை: அது உங்களை ஏமாற்றினவனின் கெட்டித்தனம், வெறும் சில்லின் குற்றம் இல்லை. பெயின்டைப் பார்த்து வாங்கினீர்கள், சுற்றிப் பார்த்து வாங்கவில்லை.

இந்த வகைச் சில்லை முதலில் வார்த்து எடுத்து, பிறகு வெளி வளையத்தை உருளையால் அழுத்திச் சுழற்றி இழுப்பார்கள். அதனால்தான் வளையம் மெல்லிசு, ஆனால் உறுதி. உறுதி என்றால் வளையாது என்று அர்த்தமில்லை. பள்ளத்தில் விழுந்தால் அடி வாங்குவது பெரும்பாலும் உள்விளிம்பு, வண்டியின் அடிப்பக்கம் பார்த்திருக்கும் பகுதி. போட்டோவில் அது வராது. ரயர் மாட்டியிருந்தால் விளிம்பு மட்டும்தான் தெரியும், உள்ளே மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மூடிவிடும்.

அப்புறம் எடைக் கதை. 4.3 கிலோ என்று பெருமைப்படுகிறீர்கள், சரி. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ரயர் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் சுற்றும் வட்டத்தின் ஓரத்தில். லேசான சில்லுக்கு ஆசைப்படுகிறவன் தனக்குப் பிடித்த ரயரைத்தான் போடுவான், உங்களுடையதை முதல் வேலையாகக் கழற்றி எறிவான். எறியப் போகிற பொருளுக்கு ஏன் காசு?

ஒன்று மட்டும் செய்யுங்கோ. சில்லு நடுங்காமல் சுற்ற உள்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்சிங் எடைக் கட்டிகளை ஒவ்வொரு சில்லுக்கும் கூட்டிச் சொல்லுங்கோ. வளைந்த சில்லுக்குக் கட்டி கூடத் தேவைப்படும்.

குமரன்_கென்ட்: டார்ச் அடித்துப் பார்த்தேன். 20, 15, 25, அப்புறம் ஒன்றில் 85 கிராம். அது டயரால்கூட இருக்கலாம் அண்ணே.

சில்லு_அண்ணை: இருக்கலாம். கழற்றினால் தெரிந்துவிடும்.

மழைமியாட்டா: இடையில் ஒரு சந்தேகம். இந்த வீலின் நடு ஓட்டை 73 மி.மீ., மியாட்டாவின் ஹப் (வீல் உட்காரும் அச்சு மையம்) 54.1. இடைவெளிக்குப் போடும் வளையங்கள் உண்டா? வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வீலை மாற்றினால் இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள், விபத்து நாளில் முழிக்காதீர்கள்.

குமரன்_கென்ட்: வளையம் நாலும் இருக்கிறது.

சனிக்கிழமை கடைக்குப் போய்க் கழற்றிவிட்டேன். வெறும் வீலாக பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றினோம். மூன்று ஆடாமல் சுற்றின. 85 கிராம் வீலின் உள்விளிம்பில் கடைக்காரர் ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பிடித்தார். ஓரிடத்தில் மட்டும் 'டிக்' என்று தட்டியது, மற்ற இடமெல்லாம் நுனிக்கும் விளிம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஏறக்குறைய 2 மி.மீ. வளைவு. வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. எந்தப் பள்ளம் என்றுகூட ஞாபகம் வருகிறது, மழைநாளில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன்.

கழற்றிய டயர்களைக் கடையிலேயே விட்டுவிட்டேன். மூன்று நேர், ஒன்று வளைவு, வளையங்கள் சேர்த்து 480.

வாசு_லூட்டன்: பார்த்தீர்களா, அண்ணன் பேச்சைக் கேட்டு 220 பவுண்ட் போச்சு. சும்மா இருந்திருந்தால் நானே 650க்கு எடுத்திருப்பேன்.

குமரன்_கென்ட்: எடுத்துவிட்டு அறுபது மைலில் என்னைத் திட்டியிருப்பாய். போன வருடம் உனக்கு விற்றவனின் பட்டியலில் என் பெயரும் வேண்டாம்.

சில்லு_அண்ணை: தம்பி, 430?

வாசு_லூட்டன்: அண்ணே! இதற்குத்தானா இவ்வளவு நேரம் டயரைத் திட்டினீர்கள்?

சில்லு_அண்ணை: வளைவு நிமிர்த்துகிற ஒருவரைத் தெரியும், அவருக்கும் காசு குடுக்க வேணும்தானே. மகளின் மியாட்டாவுக்குக் கனநாளாய்த் தேடுகிறேன். வெடிப்பு இல்லை என்று சாயம் தடவிப் பார்த்த பிறகுதான் மாட்டுவேன்.

குமரன்_கென்ட்: 455. ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள், வீட்டில் கோயிலுக்குப் போயிருப்பார்கள்.