அசிட்டனிலைடு 4 கிராம் போட்டு 1.9 கிராம்தான் தேறியது, எங்கே தப்பு?

யாழி_லேப்
பி.எஸ்சி. இரண்டாம் வருடம். அனிலீனிலிருந்து செய்த கச்சா அசிட்டனிலைடு 4 கிராம், லேசான பழுப்பு நிறம். அதைத் தண்ணீரில் மறுபடிகமாக்கச் சொன்னார்கள், அதாவது வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஆறவிட்டுச் சுத்தமான படிகமாகத் திரும்ப எடுக்க. 60 மி.லி. தண்ணீரைக் கொதிக்க வைத்துப் போட்டேன், முக்கால்வாசி கரைந்தது, மீதி அடியில் எண்ணெய்த் துளி மாதிரி உருண்டுகொண்டே இருந்தது. ஏதோ அழுக்கு என்று பயந்து ஒரு பீக்கர் வெந்நீரை அப்படியே கவிழ்த்துவிட்டேன், மொத்தம் 250 இருக்கும். வடிகட்டும்போது புனலின் காம்பிலேயே படிகம் அடைத்துக்கொண்டது. கடைசியில் 1.9 கிராம், உருகுநிலை 104–109. புத்தகத்தில் 114 என்று இருக்கிறது. மேடம் ரெக்கார்டைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், அதுதான் வலிக்கிறது.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்
அந்த எண்ணெய் அழுக்கு இல்லையம்மா, உங்கள் அசிட்டனிலைடேதான். 114-இல் உருகுவது 100 டிகிரி தண்ணீரில் எப்படி உருகும் என்று கேட்பீர்கள். உலர்ந்த பொருளுக்குத்தான் 114, தண்ணீருக்கு அடியில் கிடந்தால் அதற்குள் தண்ணீர் கலந்து 83 டிகிரிக்குப் பக்கத்திலேயே எண்ணெயாகிவிடும். கொதிக்கும் தண்ணீர் 100 மி.லி.க்குச் சுமார் 5 கிராம்தான் கரைக்கும், 60 மி.லி.யில் உங்கள் 4 கிராமுக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான். கொதிநிலையிலேயே வைத்து, ஐந்து ஐந்து மி.லி.யாக வெந்நீர் விட்டிருந்தால் 80 தாண்டும்போது துளி மறைந்திருக்கும். வடிகட்டும்போது ஆறும், அதற்காக இன்னும் ஒரு 10 சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறிய தண்ணீர் 100 மி.லி.யும் அரை கிராம் போல பிடித்து வைத்துக்கொள்ளும். 250-க்கு ஒன்றேகால் கிராம் போச்சு, காம்பில் அடைத்தது தனி. அந்த வடிநீரை சிங்க்கில் கொட்டிவிட்டீர்களா? வைத்திருந்தால் பாதிக்கு மேல் சுண்டவைத்து ஆறவிடுங்கள், இன்னொரு தடவை படிகம் இறங்கும்.

புனல் விஷயம்: காம்பு குட்டையான புனல் கேட்டு வாங்கி, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, வடிதாளை விசிறி மாதிரி மடித்துப் போடுங்கள். ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மீதியை அடுப்பிலேயே கொதிக்க விடுங்கள்.

கரிச்சட்டி
பழுப்பு நிறத்துக்குக் கரித்தூள் போடச் சொல்வார்கள், அதில் நான் பட்டதைச் சொல்கிறேன். தளதளவென்று கொதிக்கிற குடுவையில் ஒரு ஸ்பூன் கரியைத் தட்டினேன், மொத்தமும் கருப்பு நுரையாகப் பொங்கி மேசை, கோட், பக்கத்தில் நின்றவனுடைய ரெக்கார்ட் நோட் எல்லாம் கரி. பர்னரை நகர்த்தி, கொதி அடங்கியபின் ஒரு சிட்டிகை, அப்புறம்தான் மறுபடி சூடு. ஒரு சிட்டிகை போதும், கரி நிறத்தை மட்டுமல்ல உங்கள் பொருளையும் சேர்த்துப் பிடிக்கும்.

உருகுநிலைக்கு வருவோம். அன்றைக்கே வடிகட்டி அன்றைக்கே பார்த்தீர்களா? ஈரமாக இருந்தால் 104 வராமல் என்ன செய்யும்! வடிதாளுக்கு நடுவில் அழுத்தி, ஒரு நாள் காயவிட்டு, பொடியாக்கி, கேபிலரியில் (ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாய்) 2–3 மி.மீ. மட்டும் கெட்டியாக இறக்குங்கள். அதைத் தெர்மாமீட்டரோடு கட்டும் ரப்பர் வளையம், சூடாக்குகிற பாரஃபின் எண்ணெயில் படாமல் மேலே இருக்கட்டும், சூட்டில் ஊதி கழன்றுவிடும். 100 வரை வேகமாகப் போகலாம், அப்புறம் நிமிடத்துக்கு 1–2 டிகிரி. அவசரப்பட்டால் தெர்மாமீட்டர் ஒன்று சொல்லும், கேபிலரி ஒன்று சொல்லும். காய்ந்த பிறகும் குறைவாகவே இருந்தால் அசுத்தம்தான், இன்னொரு முறை படிகமாக்க வேண்டியதுதான்.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்
ஒன்று விட்டுப்போச்சு. கரைசல் தெளிவானதும் ஐஸில் வைக்காதீர்கள். மேசையில் மூடி வைத்துத் தானாக ஆறட்டும், படிகம் வந்தபின் ஐஸ். வராவிட்டால் கண்ணாடிக் குச்சியால் உட்சுவரை உரசுங்கள். கழுவுவதும் ஐஸ் தண்ணீரில், கொஞ்சமாக. அப்புறம், 1886-இல் இதையே ஆன்டிஃபெப்ரின் என்று காய்ச்சல் மருந்தாக விற்றார்கள், ரத்தத்தைக் கெடுத்து ஆளை நீலம் பாய வைக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. கையைக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

யாழி_லேப்
வடிநீரைக் கொட்டிவிட்டேன் சார்! இன்று தோழியின் கச்சாப் பொருள் 4 கிராமை வாங்கிச் செய்தேன். 90 மி.லி., ஒரு சிட்டிகை கரி, குட்டைக் காம்புப் புனல். வெள்ளை வெளேரென்று தகடு தகடாக இறங்கியது. இன்னும் காயவில்லை, எடை நாளைக்குப் போடுகிறேன். கரி கொஞ்சம் வடிதாளைத் தாண்டி வந்து ஓரத்தில் சாம்பல் நிறமாக இருக்கிறது, அதற்கு என்ன செய்வது அண்ணா?

கரிச்சட்டி
மறுபடி கரைத்து இரண்டு வடிதாள் போட்டு வடிகட்டுங்கள். முதலில் வந்த வடிநீரிலேயே கரைத்தால் இழப்பும் குறையும், இந்தத் தடவையாவது கொட்டாமல் வைத்திருக்கிறீர்களா?