பர்மா போர் வீடியோவில் இருப்பது எங்கள் தாத்தாவா? எப்படி உறுதி செய்வது?

பாலக்கோட்டான்:
வணக்கம். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். என் அப்பாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சேப்பர்ஸில் (பாலம், சாலை போடும் ராணுவப் பொறியாளர் படை) இருந்தவர், நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘பர்மா 1944, மெட்ராஸ் சேப்பர்கள்’ என்று ஒரு கலர் வீடியோ வந்தது. விமானம் தாழப் பறக்கிறது, கப்பலிலிருந்து லாரி இறங்குகிறது, ஆற்றில் பாலம் கட்டுகிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் இரும்புச் சட்டத்தைத் தூக்கிப்போகும் ஒருவர் கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார், மூன்று நொடிகூட இருக்காது. 86 வயது அத்தை அதைப் பார்த்ததும் "எங்கப்பன்" என்றார். அப்புறம் அந்த போனை யாரிடமும் கொடுக்கவே இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே போட்டோ அவர் வயதான காலத்தில் எடுத்தது. அசல் படம் எங்கே கிடைக்கும்?

ஓசூர் படச்சுருள்:
அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தேன். முதலில் ஒன்று, இந்த கலர் வீடியோவில் தெரியும் முகத்தை நம்பாதீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தெளிவாக்கியிருக்கிறார்கள், அது மங்கலான இடத்தில் கண்ணையும் காதையும் தானாகவே வரைந்து நிரப்பிவிடும். குண்டுச் சத்தமும் பின்னால் சேர்த்ததுதான், போர்க்களக் கேமராக்காரர்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் எடுத்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஐமோ மாதிரிக் கேமராவில் 100 அடிச் சுருள் போட்டால் ஒரு நிமிடம் சொச்சம்தான் ஓடும், அதனால்தான் எல்லாம் துண்டு துண்டாக இருக்கும். அப்படி அனுப்பிய சுருளோடு எந்த இடம், என்ன தேதி, எந்தப் படைப்பிரிவு என்று ஒரு தாளில் எழுதி வைப்பார்கள். அதற்கு டோப் ஷீட் என்று பெயர். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் படங்களோடு இந்தத் தாள்களும் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது முகத்தைவிட அந்தத் தாள்தான்.

இன்னொன்று, இது ஒரே படமில்லை. விமானக் காட்சி நிஜமாகவே பர்மா பக்கம்தான். இறக்கையில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படைச் சின்ன வட்டத்தின் நடுவில் சிவப்பு இருக்காது, ஜப்பான் விமானம் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக அங்கே சிவப்பை எடுத்துவிட்டார்கள். அந்தக் குண்டு மூக்கு விமானம் தண்டர்போல்ட். பிரிட்டிஷ் விமானப்படை அதை 1944 செப்டம்பரிலிருந்து அந்தப் பக்கம்தான் போரில் பறக்கவிட்டது. ஆனால் பாலம் கட்டும் காட்சியில் எல்லோரும் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறார்கள், பின்னால் ஒரு கல் வீடு தெரிகிறது. பர்மா ஆற்றங்கரையில் அப்படி இருக்குமா?

காவேரிப்பட்டணம் சேப்பர்:
தம்பி, நான் பெங்களூர் எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் சேப்பர்ஸின் இன்றைய பெயர், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) இருந்து ஓய்வு பெற்றவன். எங்களை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சட்டம் பெய்லி பாலத்தின் பேனல், அதாவது துண்டு துண்டாகக் கோத்துக் கட்டும் ராணுவப் பாலத்தின் ஒரு துண்டு. பத்தடி நீளம், 570 பவுண்டு, கிட்டத்தட்ட 260 கிலோ. கம்பியை நுழைத்து ஆறு பேர் தூக்குவோம், நாலு நடை நடப்பதற்குள் கை மரத்துப்போகும். அந்தச் சுமையோடு ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார் என்றால் பழகிய கை.

சேப்பர்கள் பர்மாவுக்கு மட்டும் போகவில்லை. ஆப்பிரிக்கா, மலேயா, இத்தாலி எல்லா இடத்துக்கும் போனார்கள். நம் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார், வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். அதனால் தாத்தா எந்த கம்பெனி (சேப்பர்ஸின் உட்பிரிவு) என்று முதலில் பாருங்கள். டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் அதில் இருக்கும். இல்லையென்றால் மெடலைத் தேடுங்கள், நட்சத்திர மெடலின் நடுவிலேயே எந்தப் போர்முனை என்று பொறித்திருக்கும். எண் தெரிந்தால் எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதலாம்.

பாலக்கோட்டான்:
ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அடியில் வேட்டித் துணியில் சுற்றி ஒரு நட்சத்திரம். புளி போட்டுத் தேய்க்கப் போன சித்தியைத் தடுத்துவிட்டு, ஈரத்துணியால் லேசாகத் துடைத்தேன். 'இத்தாலி ஸ்டார்' என்று இருக்கிறது. ரிப்பன் சிவப்பு, வெள்ளை, பச்சை. பர்மா ஸ்டார் இல்லை.

ஓசூர் படச்சுருள்:
அப்படியானால் தலைப்புத்தான் தப்பு, அந்தப் பாலக் காட்சி இத்தாலியாகவே இருக்கலாம். ராணுவப் படப்பிரிவு இத்தாலியில் எடுத்த சுருள்களை 1943 கடைசியிலிருந்து தேடிப் பார்ப்போம், இந்தியப் பொறியாளர்கள் பாலம் கட்டுவது என்று வரும் தாள்களைத் தனியாக எடுத்து வைக்கிறேன். கம்பெனி எண் கிடைத்ததா?

பாலக்கோட்டான்:
டிஸ்சார்ஜ் தாளும் இருக்கிறது, ஆனால் மடிப்பில் கிழிந்து எண் பாதி போய்விட்டது. முதல் எழுத்து 1, அடுத்தது 1-ஆ 2-ஆ என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து இன்று இரவு இங்கே போடுகிறேன், ஐயா ஒரு பார்வை பாருங்கள். அத்தையிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.