கார் ஷோ வாசல் வரிசையில் கோர்ட்டினா கொதிக்கிறது: கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

சாட்ஸ்வர்த்_3லிட்டர்:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் ஸ்காட்பர்க் கிளாசிக் கார் ஷோவுக்குப் போக உத்தேசம். வண்டி ஃபோர்டு கோர்ட்டினா மார்க் 5. எஞ்சின் 3.0 எசெக்ஸ் வி6, வெபர் 38 டிஜிஏஎஸ் கார்புரேட்டர். ஜோஹன்னஸ்பர்க்கில் ஓடிய வண்டி, டர்பனுக்கு வந்து அதிக நாளாகவில்லை. என்2 நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) சிவப்பு விழுந்து கொஞ்ச நேரம் நின்றாலே ஏறத் தொடங்குகிறது. சூட்டோடு அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் பிடிக்காது, பெட்ரோல் வாடைதான் வரும். ஷோ வாசலில் வரிசை நத்தை மாதிரி ஊரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் போதுமா? போட்டால் ஒரிஜினல் பிரிவில் நிறுத்த விடுவார்களா? தம்பியும் தன் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபோடு வருகிறான், ஸ்பிரிங்கை வெட்டி 15 அங்குல சக்கரம் போடுவதாகச் சொல்கிறான். அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பழைய_ஸ்பேனர்:
ஓடும்போது சரியாக இருந்து நின்றால் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் வழியாகக் காற்று போதவில்லை. வேகத்தில் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்ப் என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் வண்டி முதல் வகை, அதனால் ரேடியேட்டரை இப்போதே கழற்றிச் செலவு வைக்காதீர்கள்.

முதலில் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் யாரோ ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டிருப்பார், திரும்ப மாட்டியிருக்க மாட்டார். கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்காமல் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். ஃபேனில் விஸ்கஸ் கப்ளிங் (சூடானால் இறுகி ஃபேனைச் சுற்ற வைக்கும் இணைப்பு) இருந்தால், வண்டி நன்றாகச் சூடானதும் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பிசுக்கென்று தடுக்க வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கப்ளிங் போய்விட்டது. பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் இதே அறிகுறிதான். நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. 13 பிஎஸ்ஐ மூடி சரியாகப் பிடித்தால் கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் இறுகிப்போன மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, 100-லேயே கொதித்து வெளியே தள்ளும். மலிவான சாமான், பார்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

எசெக்ஸ் எஞ்சின் என்பதால் இன்னொன்று. அதன் டைமிங் கியர் ஃபைபரால் ஆனது. வயதும் சூடும் சேர்ந்தால் பல் உதிரும், வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ஆயில் பம்பை ஓட்டும் அறுகோணத் தண்டும் முனை தேய்ந்து வழுக்கும், ஆயில் அழுத்தம் மொத்தமாகப் போகும். இரண்டையும் முன்பு மாற்றியிருக்கிறார்களா என்று விற்றவரிடம் விசாரியுங்கள். தெரியாது என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சூடாகி நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினால் ஷோவை மறந்துவிட்டு அதைக் கவனியுங்கள்.

ஜெட்_நம்பர்:
ஸ்பேனர் அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் பாதிப் பதில் "ஜோஹன்னஸ்பர்க் வண்டி" என்பதிலேயே இருக்கிறது. அங்கே உயரம் சுமார் 1,750 மீட்டர். காற்று மெலிவு, அதற்கேற்பக் கார்புரேட்டரில் சின்ன ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டிருப்பார்கள். அதே ஜெட்டோடு டர்பனுக்கு இறங்கினால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கலவை 8 சதவீதம் அளவுக்கு மெலியும். மெலிந்த கலவை சூட்டோடு எரியும், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) எஞ்சின் தள்ளாடும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெள்ளையாகவோ வெளிர்சாம்பலாகவோ இருந்தால் கலவை மெலிவு. பிஸ்கட் நிறம் என்றால் சரி. கரி படிந்திருந்தால் வேறு கதை. ஐடிலிலேயே கிடந்த வண்டியின் பிளக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு நல்ல ஏற்றம் ஏறிய பிறகு பாருங்கள். மெலிவுதான் என்றால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். வெபரில் ஒரு படி என்பது 5, அதாவது 145 இருந்தால் 150. 38 டிஜிஏஎஸ்-ல் காற்று போகும் இரண்டு தொண்டையும் ஒன்றாகவே திறக்கும், அதனால் இரண்டிலும் ஒரே எண் ஜெட் போட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மூன்று சிலிண்டர் ஒரு மாதிரி, மூன்று இன்னொரு மாதிரி எரியும்.

இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரத்தையும்) பாருங்கள். மெலிந்த காற்றுக்காக ஜோஹன்னஸ்பர்க்கில் இரண்டு மூன்று டிகிரி முன்னால் தள்ளி வைப்பது வழக்கம். இங்கே அது ஏற்றத்தில் நாக்கிங் சத்தம் தரும். டைமிங் விளக்கை வைத்து மேனுவல் சொல்லும் அளவுக்குத் திருப்புங்கள், 95 பெட்ரோல் போடுங்கள். ஆனால் மேனுவல் அளவுக்குப் பின்னாலும் போகக் கூடாது, பிந்திய டைமிங் ஐடிலில் சூட்டை ஏற்றும். வேக்குவம் குழாய் விரிசல் விட்டிருந்தாலும் அதே கதி.

சூட்டில் பிடிக்காமல் பெட்ரோல் வாடை வருவது ஸ்டார்ட்டர் கோளாறல்ல. அணைத்த பிறகு அடியிலிருந்து ஏறும் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து அடித்தால் இன்னும் நனையும். முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள், பிடித்ததும் காலை எடுங்கள். நிரந்தரத் தீர்வு, கார்புரேட்டருக்கு அடியில் 6 முதல் 10 மி.மீ. பேக்கலைட் தட்டு. போட்டதும் ஏர் கிளீனர் போனட்டில் இடிக்கிறதா என்று பார்க்க, மேலே கொஞ்சம் களிமண் உருட்டி வைத்து போனட்டை மூடித் திறங்கள்.

தொல்லை கொடுக்கும் ஸ்டார்ட்டரும் உண்டு, அது சூட்டில் மெதுவாகச் சுற்றும். சுற்றும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையை மாற்றுங்கள்.

டொங்காட்_ஒரிஜினல்:
எலெக்ட்ரிக் ஃபேன் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு என் கருத்து. தெருவில் ஓட்ட அது நல்லதுதான், ஆனால் ஒரிஜினல் பிரிவில் போனட்டைத் திறந்ததும் நடுவர் கண் அங்கேதான் போகும். கூடும் கப்ளிங்கும் சரியாக இருந்தால் இந்த எஞ்சினுக்குத் தொழிற்சாலை ஃபேனே போதும். ஜூலைக் குளிரில் கடற்கரைப் பக்கம் கொதிக்கிறது என்றால் குறை ஃபேனில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

நடுவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்குவதில்லை. கதவு ஓரங்கள், பூட் தரை, ஸ்பேர் சக்கரம் உட்காரும் குழி, சேஸிஸ் எண் தகடு, ஹோஸ் கிளிப் எந்தக் காலத்து வகை, இதையெல்லாம்தான் பார்ப்பார்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும், அது ஷோவுக்கு மட்டுமான விஷயமல்ல.

சாட்ஸ்வர்த்_3லிட்டர்:
பார்த்தேன், ஃபேன் கூடு இல்லவே இல்லை! பிளக் ஆறும் வெள்ளை. கூடு எங்கும் கிடைக்காவிட்டால்?

பழைய_ஸ்பேனர்:
1.6 மி.மீ. அலுமினியத் தகட்டில் செய்துகொள்ளலாம். ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்கட்டும். இறக்கை முனைக்கும் கூட்டுக்கும் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், எஞ்சின் மவுண்டிங் ஆடும்போது உரசக் கூடாது. மேட் கறுப்புப் பெயின்ட் அடித்தால் ஒரிஜினல்காரர்கள்கூட இரண்டு முறை பார்த்தால்தான் கண்டுபிடிப்பார்கள்.

டொங்காட்_ஒரிஜினல்:
கண்டுபிடிப்போம் :)

வெருலம்_வெல்டர்:
கோல்ஃப் தம்பிக்கு. ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது, அல்லது பெரிய மேட்டில் சக்கரம் தொங்கும்போது, வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும். திரும்ப இறங்கும்போது கோணலாக உட்காரும், சில சமயம் உட்காரவே உட்காராது. 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கை அதற்கேற்ற குட்டை ஷாக்கோடு சேர்த்து வாங்கட்டும். பழைய நீள ஷாக் அடியில் முட்டி ஒரு வருடம்கூடத் தாங்காது.

சக்கரத்துக்கு 195/50ஆர்15 டயர். 175/70ஆர்13-ன் விட்டம் 575 மி.மீ., இது 576, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. போல்ட் வட்டம் 4x100, நடுத்துளை 57.1 மி.மீ. சக்கரத்தின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் சென்டர் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறும், பாலன்ஸ் செய்தும் போகாது. போல்ட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர், 50 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி இறுக்குங்கள். அலாய் சக்கரத்துக்கு ஸ்டீல் சக்கரத்தின் குட்டை போல்ட் போதாது, குறைந்தது ஆறு ஏழு சுற்றாவது உள்ளே ஏற வேண்டும்.

ஷோ நாள் காலை இருவருக்கும்: புல் மைதானம் பனியில் நனைந்திருக்கும், தாழ்த்திய வண்டி வாசல் மேட்டில் கோணலாக ஏறட்டும், நேராக ஏறினால் முன் பம்பரின் கீழ் லிப் உடையும். எசெக்ஸ் ஆயில் சொட்டும், அடியில் வைக்க ஒரு தட்டு. தீயணைப்பான், கார்புரேட்டர் வண்டிக்குக் கட்டாயம். ஐந்து லிட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், ஃபியூஸ், ஹோஸ் கிளிப். போய்ச் சேர்ந்ததும் தூசியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், வலைவலையாகக் கீறல் விழும். ஸ்ப்ரே அடித்து மைக்ரோஃபைபரால் ஒரே திசையில் இழுங்கள். பன்னி சாவ் (ரொட்டிக்குள் கறிக்குழம்பு) தின்ற கையோடு கதவைத் தடவ வருகிறவர்களுக்கு மருந்து கிடையாது, ஒரு துணியை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

வாசல் வரிசையில் முள் ஏறினால் ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து அதன் ஃபேனையும் போடுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். நியூட்ரலில் 1,500 ஆர்பிஎம் வைத்தால் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். அப்படியும் இறங்காவிட்டால் வரிசையை விட்டு ஒதுங்கி அணையுங்கள், முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். அதுவரை மூடியில் கை வைக்க வேண்டாம்.

ஜெட்_நம்பர்:
வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடல் உப்பு கதவுக்குக் கீழுள்ள சில் (sill) ஓரத்திலும் பின் வீல் ஆர்ச் உள்மடிப்பிலும்தான் தங்கும். கோர்ட்டினா அழுகத் தொடங்குவதும் அங்கேதான்.