தெரிந்த பதிலைக்கூடச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

அரைப்பேச்சு (கேள்வி)

வேலையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, கொடுத்ததைச் சரியாகத்தான் செய்கிறேன். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்தால் தெரிந்த பதில்கூடத் தொண்டையோடு நின்றுவிடுகிறது. சொல்லலாமா வேண்டாமா என்று மனசுக்குள் பட்டிமன்றம் நடத்தி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் அதையே சொல்லிப் பேர் வாங்கிவிடுவார். கடையில் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்றாக இருந்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், திருப்பிக் கொடுக்கப் போனால் என்ன நினைப்பார்களோ என்று. யாரிடம் சொன்னாலும் "தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்" என்கிறார்கள். எங்கே போய் வளர்ப்பது? கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும், நான் திறமைசாலி" என்று சொல்லிப் பார்த்தாயிற்று, சொல்லச் சொல்ல உள்ளே ஒரு குரல் "யாரிடம் கதை விடுகிறாய்" என்கிறது. இது பிறவியிலேயே வரவேண்டியதா, பழகினால் வருமா?

பழையபேனா

கண்ணாடிச் சமாசாரம் உங்களுக்கு மட்டும் அப்படி இல்லை. 2009-இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரிய ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது மனநிலை இன்னும் இறங்கித்தான் போனது. நம்பாததைச் சொன்னால் மனம் எதிர்வழக்கு ஆடும், அவ்வளவுதான்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் எழுதியது இங்கே உதவும். "நான் பெரிய ஆள்" என்ற பொதுவான நினைப்பை விட்டுவிட்டு, "இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அது நாலு வழியில் வருகிறது என்றார்: நாமே செய்து முடித்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, அடுத்தவர் தரும் ஊக்கம், அப்புறம் உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இதில் முதலாவதுதான் வலுவானது. உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருப்பதோ மூன்றாவது மட்டும், அது எப்படி ஒட்டும்?

"சரியாகத்தான் செய்கிறேன்" என்று நீங்களே தயங்காமல் எழுதியிருக்கிறீர்கள், ஆக வேலையில் நம்பிக்கை இருக்கிறது, பேச்சில்தான் இல்லை. பேசித்தான் அது வரும். ஆனால் எடுத்தவுடன் கருத்துச் சொல்ல வேண்டாம், கேள்வி கேளுங்கள். "இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்போது முடிக்கவேண்டும்?" இந்த மாதிரி, தப்பாகவே போக முடியாத கேள்வி. அதையும் கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கேட்டுவிடுங்கள், தள்ளிப்போடப் போடப் படபடப்பு ஏறுமே தவிர இறங்காது.

சுண்டெலி

இவ்வளவு எதற்கு? இடுப்பில் கைவைத்து நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் உடம்பில் ஹார்மோனே மாறுமாம், வீடியோவில் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை

சுண்டெலி, அது 2010-இல் வந்த ஆய்வு. 2015-இல் இன்னொரு குழு 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் எதுவும் மாறவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே அதில் தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று 2016-இல் எழுதிவிட்டார். நிமிர்ந்து நிற்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, நில்லுங்கள், அதிசயத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவருக்கு: "என்ன நினைப்பார்களோ" என்பதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 2000-இல் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சின் குழுவினர் மாணவர்களுக்கு ஒரு பாடகரின் முகம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு (போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியான டி-ஷர்ட்), மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். அவரவருக்கு அவரவர் டி-ஷர்ட் கவலை.

வாசல்திண்ணை

பழையபேனா சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கேள்வி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் "இவர் கேட்கிற ஆள்" என்று ஒரு முத்திரை விழுந்துவிடும், எனக்கு விழுந்தது. வாய் பழகியதும் "இதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, காரணம் இது" என்று ஒரு வரியாவது சொல்லத் தொடங்குங்கள்.

கடையில் "இது நான் கேட்டது இல்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று சொன்னால் போதும். அதற்கு முன்னாலும் பின்னாலும் மன்னிப்பு, விளக்கம், அசட்டுச் சிரிப்பு எதுவும் வேண்டாம். தெரியாதவர்களிடம் பழகுவதுதான் சுலபம், அவர்களை மறுபடி பார்க்கப்போவதில்லை.

எனக்கு இதனால் கிடைத்த பெரிய லாபம் எது என்றால், "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்ல முடிவது. முன்பெல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு ராத்திரி உட்கார்ந்து தேடுவேன். இப்போது சந்தேகம் வந்த இடத்திலேயே கேட்டுவிடுவதால் வேலையும் சீக்கிரம் முடிகிறது. முடியாத வேலைக்கு முடியாது என்று சொல்லவும் வந்துவிட்டது, அதில் ஓரிருவருக்கு என்மேல் வருத்தம்தான், இருக்கட்டும்.

அரைப்பேச்சு

எல்லாருக்கும் நன்றி. கேள்வியில் தொடங்குவது எனக்கு ஒத்துவரும் போலிருக்கிறது, அடுத்த கூட்டத்தில் முயற்சி செய்கிறேன். ஒன்றே ஒன்று, குரல் நடுங்கினால்? எனக்கு நிச்சயம் நடுங்கும்.

பழையபேனா

நடுங்கட்டும். உங்கள் காதுக்குக் கேட்கிற அளவு மற்றவர்களுக்குக் கேட்காது. இதே கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003-இல் மேடையில் பேசுபவர்களை வைத்துப் பார்த்தார்கள். பேசுபவர் தன் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று நினைக்கிறாரோ அவ்வளவு கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு மேடைக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். உங்களுக்கு இப்போது சொல்லியாயிற்று. கேள்வியை ஒரு தாளில் எழுதிவைத்து, கை தூக்கியதும் அதைப் பார்த்தே படித்துவிடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.